மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2: ஜெயிக்கிற ஆட்டம் பாதியிலேயே அலுத்துப்போவது ஏன்? என் வியூகம் தப்பா?

மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2, கோள்களைப் பிடித்து விண்வெளிப் பேரரசு கட்டும் கணினி விளையாட்டு. நீங்கள் கேட்டிருப்பதை வைத்துப் பார்த்தால், 20 கோளுக்கு மேல் பிடித்திருப்பீர்கள். இனி உங்களை யாரும் அசைக்க முடியாது, ஆனாலும் ஒவ்வொரு சுற்றும் இழுத்துக்கொண்டே போகும். வியூகத்தில் தப்பில்லை. குறை விளையாட்டின் அமைப்பில் இருக்கிறது.

1993-இல் வந்த முதல் பாகத்தில் ஒரு கோளின் உற்பத்தியை எதற்கு எவ்வளவு என்று ஒதுக்க ஐந்தே இழுபட்டைகள்: கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆராய்ச்சி. இழுத்து வைத்துவிட்டு அந்தக் கோளை மறந்துவிடலாம். 1996-இல் இரண்டாம் பாகம் வந்தபோது அதைத் தூக்கிவிட்டுக் கோளுக்குக் கோள் கட்டட வரிசை வைத்தார்கள். அதிலும் 7 இடம்தான். ஆட்டோமேட்டட் ஃபேக்டரி, ரிசர்ச் லேப் என்று அதே பட்டியலை ஒவ்வொரு கோளிலும் நீங்களே உட்கார்ந்து ஏற்ற வேண்டும். தானாகக் கட்டும் வசதியும் உண்டு, ஆனால் எது முதலில் வேண்டும் என்ற விவரம் அதற்குக் கிடையாது. 2003-இல் வந்த மூன்றாம் பாகம் எல்லாவற்றையும் ஆளுநர்களிடம் கொடுத்தது. ஆடுபவருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அடுத்த குறை தொழில்நுட்பத் தேர்வு. ஆராய்ச்சிக் கட்டமான அட்வான்ஸ்டு கன்ஸ்ட்ரக்‌ஷனில் ஆட்டோமேட்டட் ஃபேக்டரி, ஹெவி ஆர்மர், மிசைல் பேஸ் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஃபேக்டரி 5 உற்பத்தியும் தொழிலாளி ஒருவருக்கு 1 கூடுதலும் தருகிறது. அதை விட்டுவிட்டு வேறொன்றை யார் எடுப்பார்கள்? பெயருக்குத்தான் அது தேர்வு.

“இனத்துக்கு க்ரியேட்டிவ் என்ற பண்பை எடுத்தால் மூன்றுமே கிடைக்குமே” என்று சிலர் வருவார்கள். கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத் தொடக்கத்தில் இனத்தை அமைக்கத் தரும் 10 புள்ளியில் 8 அதற்கே போகிறது, தொடக்க வேகம் அடிபடுகிறது. அதற்குப் பதில் இப்படி அமைத்துப் பாருங்கள்: யூனிஃபிகேஷன் என்ற ஆட்சிமுறைக்கு 6, டாலரண்ட் 10, உற்பத்தி +1-க்கு 3, பெரிய தாய்க்கோள் 1. மொத்தம் 20. ரிபல்சிவ் (மற்ற இனங்கள் வெறுக்கும் பண்பு) 6, கப்பல் தாக்குதல் -20-க்கு 2, தரைப்போர் -10-க்கு 2 என்று குறைகளை ஏற்றால் 10 திரும்ப வரும். கையிருப்பு 10 புள்ளிக்குச் சரியாக அடங்கும். டாலரண்ட்டுக்கு மாசு கிடையாது. மற்ற இனங்களுக்குக் கோளின் அளவைத் தாண்டிய உற்பத்தியில் பாதி துப்புரவுக்கே போகும். ரிபல்சிவால் ராஜதந்திரம் போய்விடும். கணினி எதிரிகளோடு போடும் ஒப்பந்தம் எத்தனை சுற்று நிற்கிறது? அதற்கு 6 புள்ளி தருவதே சமநிலைக் கோளாறு.

கட்டடத்தைக் காசு கொடுத்து உடனே முடிப்பதிலும் கவனம் வேண்டும். 60 உற்பத்தி கேட்கும் ஃபேக்டரியைத் தொடக்கத்திலேயே வாங்கினால் 240. பாதி முடியும்வரை பொறுத்தால், மீதி 30-க்கு வெறும் 60. பாதி தாண்டியபின் காத்திருப்பதில் லாபமில்லை.

   

சரி, உங்கள் அலுப்புக்கு வருவோம். எல்லாக் கோளையும் பிடிக்க வேண்டியதில்லை. எல்லா இனங்களும் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தாலே வெற்றி, ஓட்டு மக்கள்தொகைப்படி. கடைசியாகச் சேர்ந்த கோள்களில் எதையும் கட்டாதீர்கள். மக்கள்தொகையை வேகமாகப் பெருக்கும் ஹவுசிங் மட்டும் போட்டுவிட்டு அடுத்த வாக்கெடுப்புவரை சுற்றைத் தள்ளுங்கள்.