மிண்டனாவோ சமாதானப் பேச்சு: கேள்வியும் பதிலும்

பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவோவில் அரசுக்கும், மோரோ என்று அழைக்கப்படும் அந்தப் பகுதி முஸ்லிம்களின் இயக்கங்களுக்கும் நடந்த பேச்சுவார்த்தை பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், பிலிப்பைன்ஸ் கத்தோலிக்க நாடுதானே? அங்கே முஸ்லிம் பிரிவினை இயக்கம் எப்படி வந்தது?

ஸ்பெயின்காரர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பே சுலு தீவுகளிலும் மிண்டனாவோவிலும் இஸ்லாம் வேர்விட்டிருந்தது, சுல்தான்கள் ஆண்டார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் முயன்றும் ஸ்பெயினால் அந்தப் பகுதியை முழுசாக அடக்க முடியவில்லை. ஆனால் 1898-ல் பாரிஸ் ஒப்பந்தத்தில் மொத்தத் தீவுக்கூட்டத்தையும் 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, தன் பிடியில் இல்லாத மண்ணையும் சேர்த்தே எழுதிக்கொடுத்தது.

அப்புறம்தான் நிலப் பிரச்சினை. வடக்கிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வந்தவர்கள் கையில் பட்டா இருந்தது. மோரோக்களுக்கு இருந்தது பாட்டன் காலத்து அனுபவ பாத்தியதை மட்டும். இரண்டு தலைமுறைக்குள் சொந்தத் தீவிலேயே அவர்கள் சிறுபான்மை ஆனார்கள். 1968-ல் கொரெஹிதோர் தீவில் ரகசியப் பயிற்சிக்குக் கூட்டிப்போன மோரோ இளைஞர்களை ராணுவமே சுட்டுக்கொன்ற சம்பவம், 1971-ல் மனிலி கிராமத்துப் பள்ளிவாசல் படுகொலை, 1972-ல் அதிபர் மார்கோஸின் ராணுவச் சட்டம் என்று வரிசையாக நடந்தன. மதச் சண்டை என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் நிலத்தை விட்டுவிடுகிறார்கள்.

எம்.என்.எல்.எஃப்., எம்.ஐ.எல்.எஃப். ஒரே எழுத்துதான் வித்தியாசம். குழப்பமாக இருக்கிறது அண்ணா.

முதலில் வந்தது எம்.என்.எல்.எஃப்., அதாவது மோரோ தேசிய விடுதலை முன்னணி. தலைவர் நூர் மிசுவாரி, சுலுவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழக ஆசிரியர். 1976 டிசம்பரில் லிபியாவின் திரிபோலியில் மார்கோஸ் அரசோடு கையெழுத்தானது. 13 மாகாணங்களுக்குத் தன்னாட்சி என்று பேச்சு. (அதற்கு ஒரு மாதம் முன்னால் கடாபியைப் பார்த்துப் பேச மார்கோஸ் அனுப்பியது தன் மனைவி இமெல்டாவை!) ஊருக்குத் திரும்பியதும் மார்கோஸ் தானே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, தன் வசதிக்கு ஏற்றபடி அதை அமல்படுத்தினார். சண்டை மறுபடி தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான், 1977-ல், கெய்ரோ அல் அஸ்ஹரில் படித்த ஹாஷிம் சலாமத் பிரிந்தார். 1984-ல் அவர் அணிக்கு எம்.ஐ.எல்.எஃப்., அதாவது மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி என்று பெயர் ஆனது. கொள்கை வேறுபாடு உண்டு, அதோடு சுலு தீவுக்காரர்கள் ஒரு பக்கம், மிண்டனாவோ பெருநிலத்து மகின்தனாவோக்காரர்கள் ஒரு பக்கம் என்ற பிளவும் உண்டு. மிசுவாரி 1996-ல் அதிபர் ரமோஸ் அரசோடு இறுதி ஒப்பந்தம் போட்டு, ஏற்கெனவே இருந்த தன்னாட்சிப் பிராந்தியத்துக்கு ஆளுநர் ஆனார். பதவி இருந்தது, பணத்துக்கு மணிலாவைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. சலாமத் தரப்பு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. பின்னால் பேச்சில் அவர்கள் ஒவ்வொரு கமாவுக்கும் மல்லுக்கட்டியதற்குக் காரணம் இதுதான்.

மலேசியா எப்படி நடுவர் ஆனது? மலேசியாவின் சபா மாநிலத்துக்கு பிலிப்பைன்ஸ் உரிமை கோருகிறதே, சொந்தக் கணக்கு இருக்காதா?

இருந்தது, யாரும் அதை மறைக்கவும் இல்லை. சண்டை மூண்டால் அகதிகள் படகேறிப் போவது சபாவுக்குத்தான். மிண்டனாவோ அமைதியாக இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் சொந்தத் தேவை. 2000-ல் அதிபர் எஸ்ட்ராடா முழுப்போர் அறிவித்து எம்.ஐ.எல்.எஃப்.-இன் அபூபக்கர் முகாமைப் பிடித்தார். முகாம் போனது, இயக்கம் போகவில்லை. அடுத்து வந்த அர்ரோயோதான் 2001-ல் மலேசியாவை நடுவில் அழைத்தார். 2004 முதல் மலேசியா தலைமையில் சர்வதேசக் கண்காணிப்புக் குழு களத்தில் இறங்கியது. காரியம் இருக்கிறவன்தான் பாதியில் எழுந்து போகமாட்டான் என்பது என் எண்ணம்.

2008-ல் எல்லாம் முடிந்து கையெழுத்துக்கு வந்து நின்றுவிட்டதாகப் படித்தேன். யார் குற்றம்?

ஆகஸ்ட் 5 கையெழுத்து நாள். இடம் கோலாலம்பூர். தூதர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பூர்விக நிலம் பற்றிய அந்த ஒப்பந்தத்தில் 700-க்கும் மேற்பட்ட கிராமங்கள் மோரோ ஆட்சிப் பகுதிக்குள் வர வாய்ப்பு இருந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடக்கு கோதபாதோ, சம்போவாங்கா அரசியல்வாதிகள் வழக்குப் போட்டார்கள். முந்தின நாள், ஆகஸ்ட் 4, உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அக்டோபரில் 8-க்கு 7 என்ற கணக்கில் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பு.

ஆகஸ்டில் தடை வந்த இரண்டு வாரத்தில் எம்.ஐ.எல்.எஃப்.-இன் சில தளபதிகள் தலைமையை மீறி கிறிஸ்தவ ஊர்களைத் தாக்கினார்கள், லட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அமெரில் உம்ப்ரா காத்தோ என்ற தளபதி பிரிந்துபோய்த் தனி இயக்கமே தொடங்கினார்.

யார் குற்றம் என்றால், இரண்டு தரப்பும் எதிரே இருந்தவரைச் சம்மதிக்கவைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான். மணிலாவில் அதிபர் மட்டும் அரசு இல்லை. நாடாளுமன்றம், நீதிமன்றம், மாகாண ஆளுநர்கள், குடியேறியவர்களின் வாக்கு எல்லாம் உண்டு. எம்.ஐ.எல்.எஃப்.-இலும் சலாமத்துக்குப் பின் தலைவரான முராத் சொன்னால் எல்லாத் துப்பாக்கியும் கீழே போகும் என்று இல்லை.

அப்புறம் எப்படி மீண்டது?

2011 ஆகஸ்டில் அதிபர் அக்கினோ ஜப்பானில், நரிட்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், முராதை நேரில் சந்தித்தார். பிரிட்டன், ஜப்பான், துருக்கி, சவூதி ஆகிய நாடுகளும் சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த தொடர்புக் குழு ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தது. 2012 அக்டோபரில் கட்டமைப்பு ஒப்பந்தம், 2014 மார்ச் 27-ல் முழு ஒப்பந்தம். தனிநாடு கோரிக்கையை விட்டு, நாட்டுக்குள்ளேயே தனி நாடாளுமன்றம் உள்ள தன்னாட்சிக்கு எம்.ஐ.எல்.எஃப். இறங்கிவந்தது.

பெண்கள் யாராவது பேச்சில் இருந்தார்களா?

அரசுத் தரப்பின் தலைமைப் பேச்சாளரே பெண், பேராசிரியர் மிரியம் கொரோனெல் ஃபெரர். ஒரு பெரிய ஆயுத இயக்கத்தோடு போட்ட இறுதி ஒப்பந்தத்தில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட முதல் பெண் அவர்.

மாமசபானோ சம்பவத்தை விளக்க முடியுமா? சிலர் அதை இயக்கத்தின் துரோகம் என்கிறார்கள்.

2015 ஜனவரி 25. மார்வான் என்ற மலேசியக் குண்டு நிபுணரைப் பிடிக்கப் போலீஸ் கமாண்டோக்கள் இரவோடு இரவாக மிண்டனாவோவின் மாமசபானோவில் எம்.ஐ.எல்.எஃப். பகுதிக்குள் புகுந்தார்கள். இப்படிக் குற்றவாளியைத் தேடி உள்ளே போவதானால் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், அதற்கென்றே இரு தரப்பும் சேர்ந்த கூட்டுக் குழு 2002 முதல் இருந்தது. தகவல் கசிந்துவிடும் என்று பயந்து யாருக்கும் சொல்லவில்லை. மார்வான் கொல்லப்பட்டார். திரும்பும் வழியைக் காக்க நின்ற 36 பேர் விடிந்தபோது சோளக்கொல்லையில் திறந்தவெளியில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர்தான் பிழைத்தார். இறந்தவர்கள் மொத்தம் 44 போலீஸ், எம்.ஐ.எல்.எஃப். பக்கம் 18 பேர், சில பொதுமக்கள்.

துரோகம் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கீழே விழுந்து கிடந்தவர்களைச் சுட்டுக்கொன்றதற்கும் எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன். இதன் விலை பெரிது. சுட்டுக்கொன்ற அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியபின், ஒப்பந்தத்தைச் சட்டமாக்கும் தன்னாட்சி மசோதாவுக்கு ஓட்டுப் போட எந்த எம்.பி.யும் துணியவில்லை. மசோதா செத்தது. ஆனால் போர்நிறுத்தம் உடையவில்லை! 2017-ல் ஐ.எஸ். சார்பு மவுத்தே குழு மராவியைப் பிடித்து ஐந்து மாதம் நகரமே தரைமட்டமானபோது எம்.ஐ.எல்.எஃப். அரசு பக்கம் நின்றது. அதற்குப் பிறகே, 2018 ஜூலையில், அதிபர் துத்தர்த்தே காலத்தில் தன்னாட்சிச் சட்டம் நிறைவேறியது.

கடைசியில் மோரோக்களுக்குக் கிடைத்தது என்ன?

பணம்தான் முக்கிய மாற்றம். தேசிய உள்நாட்டு வரி வசூலில் 5 சதவீதம் ஆண்டுதோறும் தானாக வந்துசேரும், மணிலா வாசலில் நிற்க வேண்டாம். உலோகக் கனிம வருவாயில் 75 சதவீதம். ஷரியா நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும். 2019 வாக்கெடுப்பில் கோதபாதோ நகரம் தன்னாட்சிப் பகுதியில் சேர்ந்தது. (முந்தைய தன்னாட்சி அரசின் அலுவலகங்கள் அந்த நகரத்தில்தான் இருந்தன, நகரம் மட்டும் அந்த அரசில் இல்லை. இப்படியும் ஒரு கூத்து.)

சுலு விலகிவிட்டது என்கிறார்களே?

வாக்கெடுப்பில் சுலு மக்கள் வேண்டாம் என்றே போட்டார்கள். பழைய பிராந்தியத்தை ஒரே தொகுதியாக எண்ணியதால் உள்ளே இழுக்கப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது, சுலு வெளியே என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி லியோனென், 2012-ல் அரசு சார்பில் கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே ஆள்.

இலங்கையோடு ஒப்பிடலாமா ஐயா?

நோர்வே இரண்டு இடத்திலும் இருந்தது, இலங்கையில் அனுசரணையாளராக, இங்கே கண்காணிப்புக் குழுவில் ஒரு நாடாக. அதற்குமேல் ஒப்பீட்டை இழுக்க எனக்கு விருப்பம் இல்லை, நிலமும் கோரிக்கையும் வேறு வேறு.

துப்பாக்கிகள் எங்கே போயின? இப்போது அங்கே நிலவரம் என்ன?

எம்.ஐ.எல்.எஃப்.-இன் 40,000 போராளிகளும் 7,000 ஆயுதங்களும் ஒப்படைப்புக்கு வர வேண்டும் என்பது திட்டம். துருக்கி தலைமையிலான சுயேச்சைக் குழு ஒவ்வொன்றாகப் பதிவுசெய்கிறது. 2015-ல் 145 பேர், 75 ஆயுதம் என்று அடையாளத்துக்குத் தொடங்கி 26,000 பேரைத் தாண்டியது. ஆளுக்கு 1 லட்சம் பீசோ ரொக்கம். வீடு, தொழில் என்று சொன்ன மற்ற உதவிகள் வந்துசேரவில்லை என்று மனக்குறை. அதனால் 2025 ஜூலையில் மீதி 14,000 பேரின் ஒப்படைப்பை எம்.ஐ.எல்.எஃப். நிறுத்திவைத்தது. குடும்பப் பகைச் சண்டைக்கு 'ரிடோ' என்று பெயர், அது இருக்கும்வரை தனியார் துப்பாக்கியும் வீட்டை விட்டுப் போகாது.

2022-ல் நடக்க வேண்டிய முதல் நாடாளுமன்றத் தேர்தல் 2025 மே மாதத்துக்கும், பிறகு அக்டோபருக்கும் தள்ளிப்போனது. சுலு போனதால் அதன் 7 இடங்கள் அந்தரத்தில் நின்றன, மறுசீரமைத்த தொகுதிச் சட்டங்களையும் நீதிமன்றம் ரத்து செய்தது, அக்டோபர் தேர்தலும் நடக்கவில்லை. இதற்கிடையில் 2025 மார்ச்சில் முராதுக்குப் பதிலாக இயக்கத்தின் படைத் தளபதி மகாகுவாவைத் தன்னாட்சிப் பகுதியின் இடைக்கால முதலமைச்சராக நியமித்தது யார் தெரியுமா? அதிபர் மார்கோஸ், திரிபோலி ஒப்பந்தத்தைத் தன் வசதிக்கு வளைத்த அதே மார்கோஸின் மகன்.