லலிதாவும் அப்பாவின் சிபாரிசும்

அன்புள்ள ஐயா,

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் அ. லலிதாவைப் பற்றி நீங்கள் எழுதியதை, கிண்டியில் முதலாண்டு மின்பொறியியல் படிக்கும் என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கூட இருந்த என் மைத்துனர், "அவங்க அப்பா அதே காலேஜ்ல புரொபசர். சிபாரிசுல கிடைச்ச சீட்டு. இதுல என்ன பெரிய சாதனை?" என்றார். மகள் முகம் வாடிவிட்டது. நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

மைத்துனர் சொன்னது பாதி உண்மை. லலிதா படித்த அதே கிண்டி பொறியியல் கல்லூரியில் தந்தை பப்பு சுப்பாராவ் மின்பொறியியல் பேராசிரியர்தான். 15 வயதில் கல்யாணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்து நின்ற மகளுக்காக, கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி 1940ல் இடம் வாங்கினார்.

ஆனால் நம் ஊர் சிபாரிசு, வீட்டுப் பிள்ளை உள்ளே போனதும் கதவைத் தாழ்போட்டுவிடும். மகள் விடுதியில் தனியாக இருப்பதைப் பார்த்த சுப்பாராவோ, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வரச் செய்தார். அடுத்த ஆண்டே லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு வருத்தம் வேறு. லலிதாவின் கதையைப் பட்டத்தோடு முடித்துவிடுகிறார்கள். 1943ல் படிப்பு முடிந்தது. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, பிறகு சிம்லாவில் வேலை. 1948ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தவர், கம்பெனி கைமாறிய பிறகும் தொடர்ந்து, 1977ல்தான் ஓய்வு பெற்றார். மின்தடங்களும் துணைமின்நிலைய லேஅவுட்டுகளும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் அவருக்குப் பங்குண்டு.

லேஅவுட் என்றால் சும்மா படம் போடுவது இல்லை. மைத்துனர் ஒருநாள் ஏதாவது ஒரு துணைமின்நிலையத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். டிரான்ஸ்பார்மருக்கும், கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கருக்கும், லைன்கள் எல்லாம் வந்து சேரும் பஸ்பாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? ஒரு லைனை நிறுத்திவிட்டு ஆள் ஏறி வேலை பார்க்கும்போது பக்கத்து லைனில் கரண்ட் ஓடலாமா? ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒரு ஃபீடர் லைனில் ஷார்ட் ஆனால் அது மட்டும் ட்ரிப் ஆகி மற்றவை ஓட, கோளாறைக் கண்டு பிரேக்கருக்குக் கட்டளை தரும் ரிலேயை எப்படி அமைப்பது? இதெல்லாம் முதலில் காகிதத்தில் சரியாக வரவேண்டும். தப்பானால் ஆள் உயிர் போய்விடும். அந்த மேசைவரை எந்த அப்பாவின் சிபாரிசும் வராது.

யார் உதவியும் இல்லாமல் சாதித்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். கல்கத்தாவில் சகோதரர் குடும்பத்தோடு தங்க முடிந்ததால்தான் குழந்தையையும் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. ஆண் பொறியாளர்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அங்கேயும் ஒரு வீடு நிறைய உதவி இருக்கும். 1964ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கு லலிதா போனது இந்த உழைப்பின் பேரில்தான்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். திரேசியா 1971ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அவருக்குக் கிண்டியில் பேராசிரியர் அப்பா யாரும் இல்லை.