தண்ணீரை எடை போட்டுவிட்டு வண்டி பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டு முற்றம், கடை முகப்பு, சுற்றுச்சுவர் என்று பிரஷர் வாஷிங் வேலை, அதாவது மெஷினால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் வேலை, செய்து வருகிறேன். இதுவரை சின்ன மெஷினைக் காரின் பின்னால் ஏற்றிப் போய், வாடிக்கையாளர் வீட்டுக் குழாயிலேயே தண்ணீர் எடுத்துக்கொள்வேன். இப்போது வேலை பெருகிவிட்டது. உதவிக்கு ஓர் ஆளும் இருக்கிறார். நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பெட்ரோல் மெஷின் வாங்கிவிட்டேன். அடுத்து வண்டி. திறந்த பிக்கப்பா, மூடிய வேனா, டிரெய்லரா? 1,000 லிட்டர் டேங்க் வைத்தால்தான் தொழில் நடக்கும் என்கிறார் நண்பர். பழைய வண்டி வாங்கலாமா?

பதில்: நண்பர் சொன்ன டேங்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எந்த வண்டி என்பதை முடிவு செய்யப்போவது அதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதற்கு மேல் டேங்க், மெஷின், ஹோஸ் ரீல்கள், கெமிக்கல் கேன்கள், ஏணி, நீங்கள், உதவியாள். சாதாரண பிக்கப்புகள் பலவற்றின் சுமை வரம்பு ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். ஆக, அந்த டேங்கை நிரப்பிய உடனேயே வண்டி வரம்பைத் தாண்டிவிடும். வண்டி நகரும், ஓடவும் செய்யும். நிறுத்தும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? உங்கள் மெஷின் நிமிடத்துக்கு 15 லிட்டர் குடிக்கிறது. வாடிக்கையாளர் வீட்டுக் குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவது 5 லிட்டர்தான். 300 லிட்டர் டேங்கை நிரப்பி வைத்து, குழாயையும் அதில் விட்டால், தண்ணீர் பீய்ச்சும் கன்னை ஒரு நொடிகூட விடாமல் அழுத்தினாலும் ஒரு மணி நேரம் ஓடும். நிஜத்தில் யார் அப்படி அழுத்துகிறார்கள்? ஹோஸை இழுப்போம், நாற்காலியை நகர்த்துவோம், கெமிக்கல் ஊறக் காத்திருப்போம். மூன்றில் இரண்டு பங்கு நேரம் அழுத்தினால் சராசரிச் செலவு நிமிடத்துக்கு 10 லிட்டர். டேங்கின் மட்டம் இறங்கவே இறங்காது. குழாய் உள்ள இடங்களில்தான் பெரும்பாலும் வேலை என்றால் 300 முதல் 500 லிட்டர் டேங்க் தாராளம். தண்ணீரே இல்லாத இடத்தில் 1,000 லிட்டர்கூட, தொடர்ந்து அடித்தால், ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்குள் காலி. அப்படிப்பட்ட வேலைகள் நிறைய என்றால் உங்களுக்கு வேண்டியது பிக்கப்பே இல்லை, ஒரு படி மேலே உள்ள லாரி.

இப்போது மொத்தக் கணக்கு. 500 லிட்டர் தண்ணீர் 500 கிலோ. டேங்கும் அதன் சட்டமும் 50, மெஷின் 90, ஹோஸ் சுற்றிய இரண்டு ரீல் 80, நான்கு 20 லிட்டர் கேன் சுமார் 90, ஏணியும் சாமானும் 50, இரண்டு பேர் 150. கூட்டினால் 1,010 கிலோ. உங்கள் சாமான்களை நீங்களே எடை போட்டு இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எடை போடாமல் வண்டி பார்க்கப் போகாதீர்கள். வண்டியின் சுமை வரம்பு உங்கள் கூட்டுத்தொகையை விட ஒரு 20 சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும். விற்பவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, வண்டியின் தகட்டில் போட்டிருக்கும் மொத்த எடை வரம்பைப் பாருங்கள். வெறும் வண்டியை டீசல் நிரப்பி எடை மேடையில் ஏற்றுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. பின் அச்சுக்குத் தனி வரம்பு உண்டு, அதையும் பாருங்கள். "பின்னால் இரண்டு பட்டா கூடுதலாகப் போட்டுவிட்டால் தாங்கும்" என்று, அச்சின் மேல் இருக்கும் ஸ்பிரிங் பட்டையைப் பற்றி, யாராவது சொல்வார்கள். பட்டா போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதானே!

அப்புறம், தண்ணீர் சும்மா இருக்கும் சுமை இல்லை. நிறைந்த டேங்கும் காலி டேங்கும் பெரிய தொந்தரவு தராது. பாதி டேங்க்தான் ஆபத்து. பிரேக் அடித்ததும் தண்ணீர் மொத்தமும் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். உள்ளே தடுப்புகள் வைத்த டேங்காக வாங்குங்கள். உயரமாக இல்லாமல் தாழ்வாக, அகலமாக இருக்கட்டும். கூண்டுக்குள் வரும் 1,000 லிட்டர் கன சதுர டேங்கைப் பலரும் மலிவு என்று வாங்குகிறார்கள். அது உயரம், உள்ளே தடுப்பும் கிடையாது. பாதித் தண்ணீரோடு அதை வைத்து ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். டேங்க் பின் அச்சுக்குச் சற்று முன்னால் உட்கார வேண்டும். அதன் சட்டத்தை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். சாமான் ஏற்றும் பின்தொட்டியின் தகரத்தில் மட்டும் ஸ்குரூ அடித்தால் ஒரு பெரிய பிரேக்கில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

சரி, பிக்கப்பா வேனா? என் ஓட்டு திறந்த தொட்டிக்கு. ஒரே காரணம் போதும்: உங்களுடையது பெட்ரோல் இன்ஜின். மூடிய வேனுக்குள் அதை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாத விஷவாயு அது. தலை சுற்றுவது ஏன் என்று தெரிந்துகொள்வதற்குள் கை கால் ஓயலாம். பின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். திறந்த தொட்டியில் புகை போகும், சூடு போகும், ஹோஸை மூன்று பக்கமும் இழுக்கலாம். வேனில் பூட்டுப் பாதுகாப்பு உண்டு என்பது உண்மைதான். அதற்குத் தொட்டியில் ஒரு பூட்டுப் பெட்டியும், மெஷினுக்கு ஒரு சங்கிலியும் போட்டுக்கொள்ளலாம். உறைபனி விழும் ஊராக இருந்தால் மட்டும் வேன் பக்கம் யோசிக்கலாம், அப்போதும் மெஷினை வெளியே இறக்கி ஓட்டுவது என்ற ஏற்பாட்டோடு. டிரெய்லர், இழுக்கத் தகுந்த வண்டி ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு நல்லது. நீங்கள் போகும் குறுகலான தெருக்களில் அதை ரிவர்ஸ் எடுப்பதே ஒரு தனி வேலையாகிவிடும்.

மெஷினைத் தொட்டியில் எங்கே வைப்பது என்பதும் வண்டி வாங்கும்போதே தெரிய வேண்டும். பம்பின் வாய் டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும். மேலே இருந்தால், அல்லது உறிஞ்சும் ஹோஸ் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால், பம்ப் காற்றை இழுத்துக் கடகடவென்று சத்தம் போடும், சீக்கிரம் போய்விடும். கன்னை விட்டதும் சுற்றிவரும் தண்ணீரை டேங்குக்கே திருப்பி விடும்படி குழாய் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே கொஞ்சம் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகி சீல்களைக் கெடுக்கும். பிளீச்சிங் திரவத்தை வண்டியின் பின்கோடியில், அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்து ஏற்றுங்கள். கசிந்தால் இரும்பைத் தின்றுவிடும். ஆசிட் கேன் அதன் பக்கத்தில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் எக்காரணம் கொண்டும் கேபினுக்குள் வைக்காதீர்கள்.

பழைய வண்டி தாராளமாக வாங்கலாம். பெயின்ட்டைப் பார்க்காமல், டார்ச்சோடு கீழே குனியுங்கள். பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது நசுங்கிப் பிளந்து, அது மோதும் இடம் பளபளவென்று தேய்ந்திருந்தால் அந்த வண்டி வாழ்நாள் முழுக்க அதிக பாரம் சுமந்திருக்கிறது. காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தாலும் அதே கதைதான். ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மந்தமாகிற இடத்தில் துரு உள்ளே தின்றிருக்கலாம். அப்படி ஒரு வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கிளட்ச், பேட்டரி, சீட் எல்லாம் மாற்றக்கூடியவை, அவற்றுக்கு விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அவசரப்படாமல் இன்னும் ஒரு மாதம், போகிற ஒவ்வொரு வேலையிலும் இரண்டு விஷயத்தை நோட்டில் எழுதுங்கள். குழாய் இருந்ததா? ஒரு 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நிமிடம் ஆனது? குழாயே இல்லாத இடம் பத்தில் ஒன்றிரண்டுதான் என்றால் 500 லிட்டர் டேங்கோடு ஒன்றேகால் டன் தாங்கும் திறந்த வண்டியை வாங்குங்கள். அந்த ஒன்றிரண்டு வேலைக்குத் தண்ணீர் டேங்கரை வரவழைத்து, அதன் செலவை உங்கள் கூலியோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.