மேல் தோட்டத்து வேலையைக் கீழ்த் தோட்டத்திலும் செய்யலாமா?

கேள்வி: பழனி மலையில் தாண்டிக்குடிக்கு மேலே சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் எனக்கு ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. பெரும்பாறைப் பக்கம் 1,000 மீட்டரில் இன்னொன்று. இரண்டிலும் அரபிகா வகைக் காபிதான். மேலே நிழல் அடர்ந்து பூ குறைந்ததால் மரங்களைக் கழித்துவிட்டேன், காய்ப்பு கூடியது. கீழேயும் அப்படியே கழித்தேன். இப்போது அங்கே செடிகள் மஞ்சளித்து வாடுகின்றன. தண்டில் வளையம் வளையமாகப் புடைத்திருக்கிறது. உரம், மருந்து எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். என்ன காரணம் ஐயா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டினுடையது. புடைப்பு உள்ள இடத்தில் கத்தியால் பட்டையைச் சீவிப் பாருங்கள். அந்த வண்டின் புழு குடைந்த வழி முழுக்கத் தூள் இறுக அடைத்துக் கிடக்கும். அந்தத் தூள் வெளியே கொட்டாது என்பதால்தான் இலை வாடும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, மேலே பலித்தது கீழே ஏன் பலிக்கவில்லை? வத்தலக்குண்டிலிருந்து மலைக்கு பஸ் ஏறினால் பாதிப் பதில் வழியிலேயே தெரியும். அடிவாரத்தில் முட்புதரும் உசிலையும். கொஞ்சம் ஏறினால் இலையுதிர் காடு. அப்புறம் காபி விளையும் பசுமையான பகுதி. கொடைக்கானல் போய்விட்டால் குளிர்ந்த சோலைக் காடும் புல்வெளியும். மரக்கூட்டம் மாறும்போது அதை அண்டி வாழும் பூச்சி, பறவை, பூஞ்சணம் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி வெப்பம் குறையும். அப்படிப் பார்த்தால் உங்கள் இரண்டு தோட்டத்துக்கும் இடையே இரண்டு, இரண்டரை டிகிரி வித்தியாசம் இருக்கும். பூச்சிக்கு அது பெரிய வித்தியாசம்.

இந்த வண்டுக்கு வெயிலும் சூடும் வேண்டும். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில்தான் முட்டையிடும். மேலே குளிரும் மூடுபனியும் இருப்பதால் நிழலைக் குறைத்தது பூவுக்கு வெளிச்சம் தந்ததோடு நின்றுவிட்டது. கீழே அதே வேலை வண்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஒரே உயரத்திலும் மேற்கு, தெற்குச் சரிவுகளில் தாக்குதல் கூடுதலாக இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

வண்டு பறப்பது ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் மாதங்களில். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், செடி செடியாகப் பார்த்து, புடைப்புள்ளதை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். மனசு கேட்காமல் அடுக்கி விறகாக வைத்தால் அதிலிருந்தே வண்டு கிளம்பும். மிச்சமுள்ள செடிகளில் உதிர் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுங்கள், பச்சைப் பட்டையில் காயம் படக்கூடாது. பிறகு 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டும் பசை சேர்த்து, தண்டிலும் தடித்த கிளைகளிலும் படும்படி அடிக்கலாம்.

நிழலை மீட்பதுதான் நிரந்தர வழி. சீக்கிரம் வளர முள்முருங்கைப் போத்து நடுங்கள். கூடவே அத்தி, பலா, சந்தன வேம்பு என்று கலந்து வையுங்கள். கன்றுகளை உங்கள் கீழ்த் தோட்டத்தின் உயரத்திலேயே நிற்கும் தாய்மரங்களிலிருந்து எடுப்பது நல்லது. சோலை மரத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால் வெயில் தாங்காது. நடவை வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குங்கள். நீலகிரிக் கூடலூர்க்காரர்கள் ஜூனில் நடுகிறார்கள் என்றால் அங்கே தென்மேற்கு மழை கொட்டும். நம் சரிவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

மேல் தோட்டத்தில் இப்போதைக்கு இன்னும் நிழல் குறைக்க வேண்டாம். பிடுங்கிய தண்டில் ஒரு முழம் வெட்டித் தாண்டிக்குடி காபி ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.