கிழக்கு பேர்லினில் வீடு எடுக்கலாமா?

தம்பி, பேர்லினில் வேலை கிடைத்திருப்பதாகவும், பார்த்து வைத்திருக்கும் வீடு கிழக்கே மார்ட்சானில் பதினொரு மாடித் தொடர் ஒன்றில் இருப்பதாகவும் எழுதி, அந்தப் பக்கம் நம்மவர்கள் இருக்கலாமா, வரி வகுப்பு எது, மொழிப் பரீட்சை எந்தப் படி வரை வேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வரியையும் மொழியையும் உங்கள் வேலைத்தலத்தில் விசாரியுங்கள். வீட்டைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த நகரத்தில் ஆட்சி மாறியதை வாடகைச் சீட்டின் வழியாகவே நான் அறிந்தவன்.

நம்மவர் ஒருவர், "ஒரு அறை இருக்கிறது, பதிவு மட்டும் செய்ய ஏலாது" என்று சொன்னால் அங்கே போகாதீர்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் வதிவிடப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு தருபவரின் கையெழுத்துத் தேவை. அந்தத் தாள் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து வதிவிட அனுமதி வரை எல்லாம் இழுபடும். முற்பணமாக, வெப்பச் செலவும் மற்றப் பராமரிப்புச் செலவுகளும் சேராத வாடகையின் மூன்று மாதத் தொகைக்கு மேல் எவரும் கேட்க முடியாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். ஊர்ப்பாசம் பேசிப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் இருமடங்கு வாங்குபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்; அவர்களைவிட வட்டாரத்து ஜேர்மன் கிழவிகள் எவ்வளவோ மேல்.

நான் 1984 மார்கழிக் குளிரில் கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவன். நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த கோட்டினை மேற்குத் தரப்பு எல்லையாக ஏற்காததால் அங்கே முறையான கடவுச்சீட்டுச் சோதனை வைத்திருக்கவில்லை. கிழக்கில் இறங்கி, பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்கே போய் அகதி விண்ணப்பம் கொடுக்க முடிந்தது. 1985-இல் அந்த வழி நமக்கு அடைபட்டது. 1990 அக்டோபரில் இரு ஜேர்மனிகளும் இணைந்த பின்னர், மேற்கே கட்டுப்படியான வீடு கிடைக்காமல், கிழக்குப் பக்கத்துப் பிரென்ஸ்லவர் பெர்க்கில் ஒரு பழைய கட்டடத்தின் பின்கட்டுக்குக் குடிபோனேன். கழிப்பறை மாடிப்படியின் இடைத்தளத்தில் இருந்தது. நிலவறையிலிருந்து பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை வாளியில் சுமந்து வந்து ஓடு பதித்த கணப்பில் மூட்டினால், அறை சூடேறுவதற்குள் கை விறைத்துவிடும்; விடிந்ததும் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, கைக்குட்டையெல்லாம் கரியாக, உணவகத்தில் பாத்திரம் கழுவப் போவேன்.

அந்த வீடுகள் அப்படிக் கிடந்ததற்குக் காரணம் உண்டு. கிழக்கு ஜேர்மனியின் சோசலிச அரசு வாடகையைச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மார்க்கிலேயே நிறுத்தி வைத்திருந்தது. அந்த வரவு கூரையைத் திருத்தக்கூடக் காணாது. அரசின் பணமெல்லாம் 1977-இல் கட்டத் தொடங்கிய மார்ட்சான் போன்ற புதிய குடியிருப்புகளுக்குப் போனது. குழாயில் வெந்நீர், மத்திய வெப்பமூட்டல், மின்தூக்கி என்று அங்கே ஒரு வீடு கிடைப்பது அந்நாளில் பெரும் பேறு. ஆட்சி போனதும் மதிப்பு தலைகீழானது. பழைய கட்டடங்களை முன்னாள் உரிமையாளர்களும் அவர்களின் வாரிசுகளும் சட்டப்படி திரும்பப் பெற்றார்கள். பலர் கையோடு விற்றார்கள். வாங்கியவர்கள் புதுப்பித்து, அந்தச் செலவில் ஆண்டுக்கு 11 விழுக்காட்டை வாடகையில் ஏற்றினார்கள். இன்று அந்த வரம்பு 8 விழுக்காடு. என் எதிர்வீட்டு மூதாட்டி பல்லாண்டு வாழ்ந்த வீட்டைவிட்டு மார்ட்சானுக்குப் போனார். எல்லாரும் அவருக்காக இரங்கினார்கள், அவரோ இனி நிலக்கரி தூக்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்தார். என் பின்கட்டு வீட்டுக்கு இன்று கேட்கும் வாடகையை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மார்ட்சானிலோ ஆட்கள் வெளியேறியதால் சில பதினொரு மாடித் தொடர்களின் மேல்தளங்களைக் கழற்றித் தாழ்த்தவும் செய்தார்கள்.

நகரமும் தன் பங்குக்கு 2004-இல் ஏறத்தாழ 65,000 வீடுகளைத் தனியார் முதலீட்டாளருக்கு விற்றது. பிறகு வாடகை தாங்காமல் 2020-இல் உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அதே 2021 செப்டம்பரில் பெரிய வீட்டு நிறுவனங்களைப் பொதுவுடைமை ஆக்கலாமா என்று நகர மக்களிடம் வாக்கெடுப்பில் கேட்டபோது, வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆம் என்றனர். வேண்டாமென்று ஒதுக்கிய ஆட்சியின் சாமானை இப்படித் திரும்பக் கேட்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் நானும் ஆம் என்றே வாக்களித்தேன்.

பாதுகாப்புப் பற்றி நம்மவர் இன்றும் சொல்லும் கதைகள் தொண்ணூறுகளைச் சேர்ந்தவை. அப்போது பயம் மெய்யானது: 1992 ஆகஸ்டில், முன்னாள் கிழக்கு ஜேர்மனியின் நகரான றொஸ்ரொக்கில் வியட்நாமியர் இருந்த தொடர்மாடிக்குத் தீ வைத்தார்கள், கீழே ஆயிரக்கணக்கானோர் நின்று கைதட்டினார்கள். நானும் அந்நாளில் இரவு ரயிலில் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள பெட்டியில்தான் ஏறுவேன். இன்றும் கிழக்கின் ஓரங்களில் வெறுப்புப் பேச்சு உண்டு, காது கொடுக்காமல் நடக்கப் பழகிக்கொள்வீர்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கிழக்கு ஜேர்மனிக்கு வந்து, ஆலைகள் மூடியதும் தெருவில் நின்ற அந்த வியட்நாமியர், லிஷ்டன்பெர்க்கில் பழைய அரசாலை ஒன்றின் வளவில் டொங் சுவான் என்ற பெருஞ்சந்தையை எழுப்பினார்கள். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நான் அங்கேதான் போவேன். நம்மவரோ மேற்குப் பக்கத்து நொய்க்கோல்னைவிட்டு நகராமல், கிழக்கே போனால் அடிப்பார்கள் என்று முப்பது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மார்ட்சான் வீட்டைத் தாராளமாக எடுங்கள். ஒப்பந்தத்தில் வாடகை ஆண்டுதோறும் படிப்படியாக ஏறும் என்றோ, விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் என்றோ எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். தனியாள் ஒருவருக்குச் சொந்தமான வீடானால், தன் பிள்ளைக்கு வேண்டும் என்று உங்களை அவர் எழுப்ப முடியும். நிறுவனத்துக்கு அந்தச் சாட்டு இல்லை. போன ஆண்டின் வெப்பச் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள்.