பிள்ளைகளோடு வியன்னா: கேள்வி பதில்

வியன்னாவில் பிள்ளைகளை வளர்ப்பவள் நான். விடுமுறைக்கு இங்கே வரும் பெற்றோர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, ஷேன்புரூன் அரண்மனையை ஏழு வயதுப் பையன் பொறுமையாகப் பார்ப்பானா?

எல்லா அறைகளையும் சுற்றினால் மாட்டான். கண்ணாடி அறையில் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள்: 1762இல் ஆறு வயது இசைமேதை மோட்சார்ட் இந்த அரண்மனையில் பேரரசி மரியா தெரேசா முன் வாசித்தான். முடித்ததும் அவர் மடியில் தாவி ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான் என்று அவன் அப்பா கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்புறம் தோட்டத்துப் புதிர்ப்பாதையில் ஓட விடுங்கள். அதே வளாகத்து விலங்குக் காட்சிசாலை 1752இல் தொடங்கியது. இன்றும் இயங்குபவற்றில் உலகிலேயே பழையது. அதற்குத் தனி நாள் வேண்டும்.

ஓவியங்கள் என்றாலே என் மகள் முகம் சுளிக்கிறாள். கலை வரலாற்று அருங்காட்சியகத்தை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நேராக 16ஆம் நூற்றாண்டு ஓவியர் புரூகெலின் அறைக்குப் போங்கள். 1560இல் அவர் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' அங்கே இருக்கிறது. ஒரே படத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள். இடதுபக்கக் கீழ் மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வைத்து ஆடுவது அப்படியே நம் ஐந்தாங்கல்! தனக்குத் தெரிந்த ஆட்டங்களை அவளே தேடட்டும். வேறொரு படமும் பார்க்காமல் வெளியே வந்தாலும் எனக்கு அது நல்ல வருகைதான். 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம் என்பதால் காசு போச்சே என்ற கவலையும் குறைவு.

எதிரே அதே மாதிரி முகப்போடு நிற்பது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே அசையும் டைனோசர் உண்டு. 1908இல் கிடைத்த, கற்காலத்து வில்லன்டோர்ஃப் பெண் சிலையையும் காட்டுங்கள், 11 செ.மீ. உயரம்தான்.

தள்ளுவண்டியோடு ஸ்டீபன் தேவாலயக் கோபுரம் ஏற முடியுமா?

தெற்குக் கோபுரத்தில் 343 படிகள், லிஃப்ட் கிடையாது. கைக்குழந்தையோடு போனால் வடக்குக் கோபுரம்தான் சரி. லிஃப்ட் உண்டு, மேலே பும்மரின் என்ற பெரிய மணியையும் பார்க்கலாம்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

தாராளமாக. 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர் குழாய்வழி வருகிறது. பாட்டில் வாங்க வேண்டாம்.

நாங்கள் சைவம், பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

கைசர்ஷ்மார்ன்: பிய்த்துப் போட்ட இனிப்பு பான்கேக், தொட்டுக்கொள்ள பிளம் பழக்கூழ். மாவில் முட்டை இருக்கும், அது ஆகாதென்றால் தவிருங்கள். உலர்திராட்சையை ரம்மில் ஊறவைப்பதும் உண்டு, கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.