காய்ச்சலா? முதலில் சிரப்பை எடுக்காதீர்கள்

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் கேட்டவற்றுக்குக் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு மருத்துவரும் செவிலியரும் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மகனுக்கு நான்கு வயது, ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். கீமோ முடித்து ஊருக்கு வந்திருக்கிறோம். சென்னை போக ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரியில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, விடிந்ததும் கிளம்பலாமா?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கூடாது. கீமோவுக்குப் பிறகு கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில்) 500-க்குக் கீழே இறங்கியிருந்தால், கிருமி ரத்தத்தில் கலந்தாலும் சீழ் பிடிக்காது, சிவக்காது. பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அறிகுறி. சிரப் அதையும் மறைத்துவிடும். கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். ஆசனவாயில் ஒருபோதும் வேண்டாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் உடனே வார்டுக்கு போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் நாட்களில் கிருமி இருந்தும் சூடு ஏறாமல் போகலாம். நடுக்கம், கை கால் சில்லிடுதல், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது இருந்தாலும் தெர்மாமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

சென்னை தூரம் என்றால் நேரே அங்கே ஓட வேண்டாம். 108-ஐ அழைத்துப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியே ஏற்றத் தொடங்க வேண்டும். நோயின் பெயர், கடைசி கீமோ தேதி, எடை, ஒவ்வாமை, தொடங்க வேண்டிய ஆன்டிபயாடிக், வார்டு போன் எண் எல்லாம் எழுதிய கடிதத்தை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கி, பர்ஸிலேயே வைத்திருங்கள்.

ஊர் கிளினிக்கில் வழக்கம்போல் இடுப்பில் ஊசி போட வந்தால் தடுங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருந்தால் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் மூன்றும் அதே காரணத்தால் ஆகாது.

கேள்வி: மாதாமாதம் ஸ்டீராய்டு கொடுக்கும் ஐந்து நாளும் மகள் அடிக்கிறாள், அழுகிறாள், ராத்திரி இரண்டு மணிக்குச் சோறு கேட்கிறாள். கண்டிக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அது அவள் பிடிவாதம் இல்லை, மருந்தின் வேலை. அடிக்கும் கையைப் பிடித்து நிறுத்துங்கள், தண்டனை வேண்டாம். மாத்திரை முடிந்த சில நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும். அழுகிறாளே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சம்மதித்தால் மாலை வேளை மாத்திரையை ஐந்து, ஆறு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். தூக்கம் கொஞ்சம் கூடும். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். ராத்திரிப் பசிக்கு அப்போது செய்த இட்லி, அவித்த முட்டை போதும். அப்பளமும் ஊறுகாயும் அந்த வாரம் வீட்டிலேயே இல்லாதது நல்லது. உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

அழுகைக்கு இன்னொரு காரணத்தையும் பாருங்கள். அதே வாரம் வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியும் போட்டிருப்பார்கள். அது குடலை மந்தமாக்கும், தாடையில் வலி தரும். இரண்டு நாள் மலம் கழிக்காவிட்டால் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து இரண்டும் வேண்டாம்.

கேள்வி: சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் தம்பிக்குப் போலியோ சொட்டு மருந்து போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சொட்டு வேண்டாம், ஊசியாகப் போடச் சொல்லுங்கள். சொட்டு மருந்தின் உயிருள்ள வைரஸ் பல வாரம் மலத்தில் வெளியேறும். ஒரே கழிப்பறை, ஒரே கை என்பதால் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு அது தொற்றிவிடலாம். முகாமுக்கு வரும் செவிலியரிடம் வீட்டில் யாருக்குச் சிகிச்சை நடக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.